சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சிரியுங்கள்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நம் தமிழ்க் குழுவில் ஓடிய அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள், விளக்கப் போவதில்லை. பாஸ்டன் காமன் பூங்காவில் கருப்பின உரிமைப் போராளி மார்ட்டின் லூதர் கிங்குக்கும் அவர் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங்குக்கும் வைத்திருக்கும் ‘தி எம்பிரேஸ்’ (அணைப்பு) என்ற, கட்டியணைத்த கைகள் மட்டும் இருக்கும் சிலைக்கு முன்னால் நின்று நம் பிள்ளைகள் சிலர் (பிள்ளைகள் என்றால் முப்பத்தைந்து வயது தாண்டி வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள்) கொடுத்த போஸும், அதற்குக் கீழே வரிசை கட்டி விழுந்த சிரிப்பு எமோஜிகளும். “இதில் என்ன சிரிப்பு?” என்று ஒரே ஒரு வரி கேட்டேன். “அக்கா, ஜோக்கை ஜோக்கா எடுத்துக்கோங்க” என்று ஒருவர். “அக்காவுக்கு இன்னைக்கு மூடு சரியில்லை” என்று இன்னொருவர். என் மூடு நன்றாகத்தான் இருந்தது தம்பி, அந்தப் படம் வரும்வரை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஜோக் உங்களுடையதுகூட இல்லை. 2023 ஜனவரியில் சிலையைத் திறந்த அன்றே உலகம் முழுக்க இதைச் சொல்லிச் சிரித்து முடித்துவிட்டது. டிவியில் சிரித்தார்கள், ட்விட்டரில் சிரித்தார்கள். ஆறிப்போன ஜோக்கைச் சூடு பண்ணிக்கொண்டுவந்து, ஏதோ நீங்கள் கண்டுபிடித்த மாதிரி பந்தி வைக்கிறீர்கள்.

ஒரு பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் அது வேறு மாதிரி, ஆபாசமாகத் தெரிகிறது. தெரிகிறதுதான், எனக்கும் கண் இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான்: சுற்றி வந்து பார்த்தீர்களா? 20 அடி உயரம், 19 டன் வெண்கலம். 600-க்கும் மேற்பட்ட துண்டுகளாக நாட்டின் அந்தக் கோடியில், வாஷிங்டன் மாநிலத்து வால்லா வால்லாவில் வார்த்து, பற்றவைத்து, இங்கே கொண்டுவந்து நிறுத்தியது. அதற்குள் நுழைந்து போகலாம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் நான்கு கைகளும் நம்மைச் சுற்றி வளைகின்றன. சட்டைக் கையின் மடிப்பும் கோட்டுப் பொத்தானும் தலைக்கு மேலே தெரிகின்றன. சிற்பி ஹாங்க் வில்லிஸ் தாமஸ் அதை வடிவமைத்ததே உள்ளே போய் நிற்பதற்காகத்தான். நீங்கள் என்ன செய்தீர்கள்? முப்பதடி தள்ளி நின்று, போனை உயர்த்தி, ஒரு படம். தேரோட்டத்துக்குப் போய் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற இடத்தை மட்டும் படமெடுத்து வந்து, தேர் என்றால் வெறும் கட்டைதான் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

“சரிக்கா, தலை எங்கே? அதைச் சொல்லுங்க முதல்ல.”

இதை நிறையப் பேர் கேட்டார்கள், சிரிக்காமல் கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்காகக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். 1964-இல் கிங்குக்கு நோபல் அமைதிப் பரிசு அறிவித்தபோது அவரும் கொரெட்டாவும் கட்டியணைத்து நிற்கிற ஒரு புகைப்படம் இருக்கிறது. அந்த அணைப்பிலிருந்து கைகளை மட்டும் எடுத்துக்கொண்டார் தாமஸ். அவருக்குத் தலை செய்ய வராது என்று நினைப்பவர்கள், அலபாமாவின் மான்ட்கோமரியில், வெள்ளையர் கும்பல்கள் அடித்தும் தூக்கிலிட்டும் கொன்ற கருப்பின மக்களுக்காக 2018-இல் திறந்த நினைவிடத்தில் அவர் செய்த சிற்பம் இருக்கிறது, அதன் படத்தையாவது தேடிப் பாருங்கள். வரிசையாகக் கருப்பின ஆண்கள், கையைத் தூக்கிக்கொண்டு. தலையும் கையும்தான் வெளியே தெரியும், மற்றதெல்லாம் கான்கிரீட்டுக்குள். ஆக, இங்கே தலையை விட்டது தெரிந்து செய்த வேலை. பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. தெரியாமல் செய்துவிட்டார் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அப்புறம், முகம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதே பூங்காவின் மேல் ஓரத்தில், மாநிலச் சட்டமன்றமான ஸ்டேட் ஹவுஸுக்கு எதிரே, 1897-இல் வைத்த ஒரு வெண்கலப் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட 54-ஆம் மாசசூசெட்ஸ் படைப்பிரிவு. கருப்பினச் சிப்பாய்கள் நடந்து போகிறார்கள், வெள்ளைத் தளபதி ராபர்ட் கூல்ட் ஷா குதிரை மேல். செயின்ட் காடன்ஸ் என்ற சிற்பி வருடக்கணக்கில் உழைத்துச் செய்தது. ஒவ்வொரு முகமும் தனித்தனி முகம், பார்த்தால் அசந்துபோவீர்கள், நான் அசந்துபோனேன். ஆனால் அவை அந்தச் சிப்பாய்களின் முகங்கள் இல்லை, கூலி கொடுத்து உட்காரவைத்த மாடல்களின் முகங்கள். இறந்த வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள் முதலிலேயே கல்லில் ஏறிவிட்டன, கருப்பினச் சிப்பாய்களின் பெயர்கள் ஏற 1980-கள் வரை ஆனது. முகம் இருந்தது, பெயர் இல்லை. அதற்கு முன்னால் நின்று யாரும் கேலி போஸ் கொடுத்து நான் பார்த்ததில்லை. அது ‘ஒழுங்கான’ சிலை அல்லவா?

தலைநகர் வாஷிங்டனில் கிங்குக்கு முகத்தோடு, முழு உருவத்தோடு, 30 அடி உயரக் கல்லில் சிலை வைத்தார்களே 2011-இல், அதையாவது விட்டார்களா? கையைக் கட்டிக்கொண்டு முறைக்கிறார் என்றார்கள். சீனச் சிற்பி லெய் யிஷின் செய்தது, அதையும் குறை என்றார்கள். பக்கவாட்டில் கிங் சொன்னதைச் சுருக்கி வெட்டிய ஒரு வாசகம் அவரை அகந்தைக்காரராகக் காட்டுகிறது என்று கவிஞர் மாயா ஏஞ்சலோவே கொதித்துப்போய்ச் சொல்ல, 2013-இல் அதைச் செதுக்கி எடுத்தார்கள். அந்த இடத்தில் கொரெட்டா எங்கே என்று தேடிப்பாருங்கள். இங்கே பாஸ்டனில்தான் அவருக்கும் சரிபாதி. அவர் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் இசை படித்தார், கிங் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்தார், இருவரும் சந்தித்ததே இந்த ஊரில்தான். நான்கு கைகளில் இரண்டு அவருடையவை.

நம் சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலை இருக்கிறதே, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் வைத்தது. நான்கு பேர் பாறையைப் புரட்டுகிறார்கள். அதில் ஒரு முகமாவது உங்களுக்கு நினைவிருக்கிறதா? முதுகும் புஜமும் நரம்பும்தானே நினைவிருக்கிறது? சும்மா கேட்கிறேன்.

என் அம்மா வந்திருந்தபோது கூட்டிக்கொண்டு போனேன். பார்க் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம், வெயில். தூரத்திலிருந்து பார்த்ததும் அம்மா கேட்டதும் அதேதான்: “தலைய எங்கட்டி காணோம்?” கிங் யார் என்று அவளுக்குத் தெரியும், காந்தி படத்துக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்கிறாள். நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் அவள்பாட்டுக்கு உள்ளே போய்விட்டாள். ஒரு சின்னப் பையன் அங்கே கத்திக் கத்தித் தன் குரலைச் சோதித்துக்கொண்டிருந்தான். அம்மா ஒரு கையைத் தொட்டு, “சுடுது” என்று விரலை எடுத்துக்கொண்டாள். பிறகு தொடாமலேயே, விரலால் காற்றில் கோடு போட்டபடி ஒவ்வொரு கையும் எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே சுற்றினாள். பாதியில் நின்று, “இது பொம்பள கை. பாரு, எப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கு” என்றாள். அவ்வளவுதான். வெளியே வந்ததும் “தலையும் வச்சிருக்கலாம்” என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டாள். அவளுக்கு அந்தச் சிலை பிடித்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் சுற்றி வந்து பார்த்தாள். மூட்டு வலியோடு.

“கிங் குடும்பத்துக்காரரே திட்டினாரே, அதுக்கு என்ன சொல்றீங்க?” ஆமாம், கொரெட்டாவின் உறவினர் செனெக்கா ஸ்காட் திட்டித்தான் எழுதினார், உங்கள் படத்தைவிட மோசமான வார்த்தைகளில். எழுதட்டும். மூத்த மகன் மார்ட்டின் லூதர் கிங் மூன்றாமவர் சிற்பி நன்றாகச் செய்திருக்கிறார் என்றார். பேத்தி யோலண்டா திறப்பு விழாவில் பேசினாள். திட்டிய ஒருவர் மட்டும்தான் உங்களுக்குக் குடும்பமா? அது போகட்டும், அவர் கோபப்பட்டார். நீங்கள் கோபமா பட்டீர்கள்? இளித்தீர்கள்.

பணத்தைப் பற்றி ஒருவர் நீளமாக எழுதியிருந்தார், ஒரு கோடி டாலரில் எத்தனை ஏழைகளுக்குச் சோறு போடலாம் என்று. அது பெரும்பாலும் நன்கொடையாகத் திரட்டிய பணம். இதே ஆள் போன மாதம் தன் கிரானைட் கிச்சன் மேடையைப் படம் போட்டவர், அதனால் மேற்கொண்டு பேசவில்லை.

இதே கேள்வியை என் அலுவலகத் தோழி ஒருத்தி வேறு மாதிரி கேட்டாள். கருப்பினப் பெண், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்கும் அந்தச் சிலை பிடிக்காது. 1974-இல் நீதிமன்றம் வெள்ளைப் பிள்ளைகளையும் கருப்புப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்க்கச் சொன்னபோது, பஸ்ஸில் போன குழந்தைகள் மீது கல்லெறிந்த ஊர் இது. அந்த பஸ்களில் ஒன்றில் அவளுடைய அம்மா இருந்தாள். “அப்போ கட்டிப்பிடிக்கலை, இப்போ வெண்கலத்தில் கட்டிப்பிடிக்கிறார்களா? ராக்ஸ்பரியில் வாடகையைக் குறைக்கச் சொல்லு” என்றாள். ராக்ஸ்பரி இந்த ஊரில் கருப்பின மக்கள் அதிகம் வாழும் பகுதி. இதற்கு என்னிடம் பதில் இல்லை. தேடவும் இல்லை. அவள் சொல்லலாம். அவள் சொல்வதும் நீங்கள் இளிப்பதும் ஒன்றில்லை என்பதைக்கூட நான் விளக்கவேண்டியிருக்கிறதே, அதுதான் கடுப்பு.

அந்தச் சிலை நிற்கிற தளத்துக்கு 1965 விடுதலைத் தளம் என்று பெயர், நடந்து வந்திருந்தால் படித்திருப்பீர்கள். 1965 ஏப்ரல் 23 அன்று ராக்ஸ்பரியிலிருந்து அந்தப் பூங்காவுக்கு கிங் ஊர்வலம் நடத்தி வந்தார், இருபதாயிரத்துக்கும் மேல் கூட்டம். அதே 1965 அக்டோபரில் அதிபர் ஜான்சன் புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்கு முன்னால் இந்தியாவிலிருந்து இந்த நாட்டில் குடியேற ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இடம் தெரியுமா? 1946-இலிருந்து கணக்கு 100. நூறு. 1917-இலிருந்து அதுவரை அதுவும் கிடையாது. கருப்பின மக்கள் தெருவில் இறங்கி, போலீஸ் நாயிடம் கடிபட்டு, ஜெயிலுக்குப் போய் இந்த நாட்டின் மனச்சாட்சியை உலுக்கிய அந்த வருடங்களில்தான் நமக்கும் கதவு திறந்தது. உங்கள் எச்1பி, என் எச்1பி, நம் பொங்கல் விழா, நம் குழு, அந்தக் குழுவில் உங்கள் படம், எல்லாம் அதற்குப் பிறகு வந்தவைதான்.

அவர்கள் இருவரும் நம் ஊருக்கு வந்தார்கள், அதுவாவது தெரியுமா? 1959-இல், காந்தி பிறந்த நாட்டைப் பார்க்க. கிங்கும் கொரெட்டாவும். சென்னைக்கு வந்தார்கள், காந்திகிராமம் போனார்கள், கன்னியாகுமரியில் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்து, அதைப் பிறகு அமெரிக்கா திரும்பிப் பிரசங்கத்தில் சொன்னார் கிங். விருந்தாளியாக வந்து போனவர்கள். அவர்கள் கைகளுக்கு முன்னால்தான் நீங்கள் அந்த போஸ் கொடுத்தீர்கள்.

“எதையெல்லாமோ இழுக்கிறீங்க அக்கா, சிலையைப் பத்தித்தானே பேச்சு.” இல்லை, இப்போது சிலையைப் பற்றி மட்டும் இல்லை. அந்தப் படத்துக்குக் கீழே ஒருவர் போட்ட கமெண்டை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள், இப்போது அழித்துவிட்டார். நிறத்தைச் சொல்லி ஒரு வார்த்தை. அதற்கும் சிரிப்பு எமோஜி விழுந்தது. அந்த வார்த்தையை நான் சின்ன வயதில் என் காதால் கேட்டிருக்கிறேன், என்னைப் பார்த்துச் சொல்லி. கல்யாண வீட்டில், கடலைமாவு பூசச் சொன்ன அத்தைகள் நடுவில், பஸ்ஸில். அதைச் சொன்னவர்களும் “விளையாட்டுக்குச் சொன்னேன்” என்றுதான் சொன்னார்கள். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நம்மில் பாதிப் பேர். கடல் தாண்டி வந்து, நமக்குக் கீழே என்று நினைக்க ஒருவரைக் கண்டுபிடித்ததும் அதே வார்த்தையை எடுத்து வீசுகிறோம். ஒரு கருப்பின ஆணும் பெண்ணும் கட்டியணைத்து நின்றால் உடனே நமக்கு ஆபாசம் தெரிகிறது. டைட்டானிக் கப்பல் முனையில் கையை விரித்து நின்ற ஜோடியின் போஸைக் கல்யாண ஆல்பத்தில் போட்டவர்கள் அல்லவா நாம்? அப்போது தெரியவில்லையே.

எல்லோரும் இனவெறியர்கள் என்று நான் சொல்லவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அப்படி எழுதப் போகிறவர்கள் இந்த வரியையும் சேர்த்து எடுங்கள்.

அந்தப் படத்தில் இருக்கும் ஒருவருக்கு நான் வேலைக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன், அவர் மனைவி பிரசவத்துக்கு ரசம் வைத்துக் கொண்டுபோயிருக்கிறேன். அதைச் சொல்லிக்காட்டக் கூடாது, தெரியும். ஆனால் ஒரு வரி கேட்டதற்கு “மூடு சரியில்லை” என்று எழுதினவரும் அவர்தான்.

கமெண்டில் என்ன வேண்டுமானாலும் பேசுங்கள். சிலை அசிங்கம் என்று சொல்லுங்கள், காசு தண்டம் என்று சொல்லுங்கள், எனக்குச் சிற்பக்கலை தெரியாது என்று சொல்லுங்கள், தெரியாதுதான். அந்தப் படத்தை மட்டும் இங்கே கொண்டுவந்து ஒட்டாதீர்கள், பிளாக் செய்துவிடுவேன். சொந்தக்காரராக இருந்தாலும் சரி. ஒருவரைக் காலையிலேயே செய்தாயிற்று, ஊரிலிருந்து போன் வந்துகொண்டிருக்கிறது.