தீக்ஸ்டன் எப்பவுமே குடும்பத்து கையிலயா இருந்துச்சு?
இங்கிலாந்து பீர் கம்பெனி தீக்ஸ்டன் பத்தி உங்க பதிவுல "1827ல இருந்து ஒரு நாள் கூட குடும்பத்தை விட்டு போகல"ன்னு போட்டிருக்கீங்களே ப்ரோ, அது தப்பு. யார்க்‌ஷயர் மாஷம் ஊர்ல ராபர்ட் தீக்ஸ்டன் 1827ல ஆரம்பிச்சது வரைக்கும் சரி, ஆனா 1984ல மேத்யூ பிரவுன்ங்கற கம்பெனி அதை வாங்கிடுச்சு, 1987ல அந்த கம்பெனியையே ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில்ங்கற பெரிய பீர் கம்பெனி முழுங்கிடுச்சு, அப்புறம் 2003லதான் தீக்ஸ்டன் வீட்டு அண்ணன் தம்பிங்க நாலு பேரு சேந்து திரும்ப வாங்குனாங்க. கிட்டத்தட்ட 20 வருஷம் வெளியாள் கைல இருந்திருக்கு, அதை எப்படிங்க விட்டீங்க? இதுல செம மேட்டரு, அதே குடும்பத்து ஆளு பால் தீக்ஸ்டன் வெளிய வந்து 1992ல அதே ஊர்லயே பிளாக் ஷீப்னு தனியா ப்ரூவரி போட்டாரு. வீட்டுக்கு அடங்காத பிள்ளையை இங்கிலீஷ்காரன் அப்படித்தான் சொல்லுவான், பேருலயே குத்து வெச்சிருக்காரு மனுஷன் 😂