புரொப்பெல்லரைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள்

அந்தப் படத்தை இனிமேல் எனக்கு யாரும் அனுப்ப வேண்டாம். பார்த்தாச்சு. பையனை விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்த ஓர் அப்பா முகநூலில் போட்டது. ஹேங்கர் என்கிற விமானக் கொட்டகைக்குள் மூன்று செஸ்னா பயிற்சி விமானம், மூன்றுக்கும் இன்ஜின் மூடி கழற்றியிருக்கிறது. "மூணு பிளேன் தூங்குது, என் பையன் ஹாஸ்டல்ல தூங்குறான், லோன் வாங்கின நான் தூங்காம இருக்கேன்" என்று அந்த அப்பா எழுதியிருந்தார். நல்ல வசனம், கைதட்டல் வரத்தான் செய்யும். ஆனால் கீழே ஒரு மகராசன் படத்தில் நிற்கிற ஆளை வட்டம் போட்டுக் காட்டி, "மெக்கானிக் வேடிக்கை பாக்குறாரு" என்று போட்டிருந்தார் பாருங்கள், அதற்குத்தான் பதிவை விட அதிக ஹாஹா.

பணம் கட்டியவரின் கோபம் எனக்குப் புரிகிறது. அதனால் நிதானமாகவே சொல்கிறேன். விமானப் பயிற்சிப் பள்ளியில் "இன்னைக்கு இது பறக்காது" என்று சொல்வதும் வேலைதான். அதைச் சொல்லத்தான் விமானங்களைப் பராமரிக்கிற எங்களுக்குச் சம்பளம்.

மூடியை ஏன் கழற்றுகிறோம்? ஒரு பயிற்சி விமானம் தினமும் ஐந்து மணி நேரம் பறந்தால் பத்தே நாளில் 50 மணி. ஐம்பதுக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். பழைய ஃபில்டரைத் தூக்கி எறிந்துவிட்டுப் போக முடியாது. கட்டரால் அறுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளைப் பிரித்து, வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். மினுமினுப்பு தெரிந்தால் காந்தம் வைக்க வேண்டும். ஒட்டினால் இரும்பு, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் பக்கம் ஏதோ தேய்கிறது. ஒட்டாவிட்டால் பிஸ்டன் பக்கம் சந்தேகம். இரண்டுமே நல்ல செய்தி கிடையாது.

அடுத்த பத்து நாளில் 100 மணி வந்துவிடும். அப்போது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் காற்றைக் கசியவிடாமல் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்றைக் கொடுத்து, அதில் எவ்வளவு தாங்குகிறது என்று மீட்டரில் பார்ப்பது. எழுபதுக்கு மேல் நின்றால் நிம்மதி. அறுபதை நோக்கி இறங்கினால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங். காற்று உள்ளே போகும்போது பிஸ்டன் நகர்ந்தால் புரொப்பெல்லர் சட்டென்று சுழன்று அடிக்கும். அதனால் ஒருவர் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். நீங்கள் வட்டம் போட்ட ஆள் எங்கே கை வைத்திருக்கிறார் என்று பெரிதாக்கிப் பாருங்கள். வேடிக்கையாம்!

"சரிப்பா, மூடி திறந்ததை விடு. நல்லா ஓடுற விமானத்தையும் ரன்வே வரைக்கும் கொண்டுபோய்த் திருப்புறாங்களே?" திருப்பத்தான் செய்வோம். செஸ்னா 172எஸ்-இல் இன்ஜினை நிமிடத்துக்கு 1800 சுற்றில் வைத்து, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருகிற இரண்டு மேக்னெட்டோவையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். எதிலும் 150 சுற்றுக்கு மேல் இறங்கக் கூடாது, இரண்டுக்கும் நடுவே 50-க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. 170 இறங்கினால்? பல நேரம் காரணம் ஈயம். இந்த விமானங்களுக்கான பெட்ரோலான ஆவ்காஸில் ஈயம் இருக்கிறது. மிக்ஸ்சரை, அதாவது எரிபொருள்-காற்றுக் கலவையை, எரிபொருள் அதிகமான முழு ரிச்சில் விட்டு, ரன்வேக்குப் போகும் டாக்ஸிவேயில் நெடுநேரம் உறுமிக்கொண்டிருந்தால், கீழ்வரிசை ஸ்பார்க் பிளக்கில் ஈயப் பொடி அடைத்துக்கொள்ளும். கலவையில் எரிபொருளைக் குறைத்து ஒரு நிமிடம் ஓட்டினால் சில நேரம் எரிந்து தெளியும். தெளியாவிட்டால் ஹேங்கருக்குத் திரும்பி, பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். சூடான இன்ஜினில் அதற்கே கணிசமான நேரம் ஆகும். அதற்குள் வெயில் ஏறி, காற்று குலுக்க ஆரம்பித்து, மாணவன் தனியாகப் பறக்க வேண்டிய அன்றைய சோலோ போய்விடும். பையன் முகம் தொங்கிப் போவது எங்களுக்கும் தெரிகிறது. அந்த முகத்தோடு அவன் வீட்டுக்கு போன் செய்வான், வீட்டில் இருப்பவர் முகநூலில் எழுதுவார்.

எரிபொருளில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கவே அந்த விமானத்தில் 13 இடத்தில் வடித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் இறக்கையிலும் ஐந்து, மூக்குக்குக் கீழே மூன்று. நீல நிற ஆவ்காஸுக்கு அடியில் தெளிந்த குமிழாகத் தண்ணீர் நிற்கும். ராத்திரி மழை பெய்து, டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் நிச்சயம் நிற்கும். அது போகிற வரை வடித்துக்கொண்டே இருக்க வேண்டும். "இன்னும் என்ன சார் தண்ணி புடிச்சிட்டே இருக்கீங்க" என்று கேட்கிற மாணவர்களும் உண்டு. நானூறு அடியில் இன்ஜின் இருமினால் அப்போது கேட்க நேரம் இருக்காது தம்பி.

இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. இந்த விமானங்களை உடைப்பவர்கள் யார்? உங்கள் பிள்ளைகள்தான். குற்றமாகச் சொல்லவில்லை, கற்றுக்கொள்ளும் இடத்தில் உடையத்தான் செய்யும். வேகம் கூடுதலாக வந்து, மூக்குச் சக்கரம் முதலில் தரையைத் தொட்டு, விமானம் துள்ளும். பயத்தில் மாணவன் யோக் என்கிற கைப்பிடியை முன்னால் தள்ளுவான், இன்னும் பெரிதாகத் துள்ளும். முதல் துள்ளலிலேயே முழு பவர் கொடுத்து மேலே போயிருக்க வேண்டும். போகாவிட்டால் மூன்றாவது துள்ளலில் மூக்குக் கால் மடங்கும், இல்லையென்றால் அதன் இடி இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் ஃபயர்வால் தடுப்புக்குப் போய்த் தகடு சுருங்கும். புரொப்பெல்லர் நுனி தரையில் உரசிவிட்டால், இன்ஜின் நின்றதோ நிற்கவில்லையோ, அதைப் பிரித்து உள்ளே பார்த்தாக வேண்டும் என்கிறது இன்ஜினைச் செய்த லைகமிங் நிறுவனம். பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். கஸ்டம்ஸில் ஒரு வாரம் அதிகமாகக் கிடந்தால் அதற்கும் எங்களைத்தான் திட்டுவார்கள்.

"அமெரிக்காவுல ஒரு வருஷத்துக்குள்ள முடிக்கிறாங்களே!" முடிக்கிறார்கள். அங்கே பக்கத்து ஊரிலேயே உதிரிபாகம் கிடைக்கும். இங்கே வடக்கில் டிசம்பர், ஜனவரியில் மூடுபனி, ஜூனிலிருந்து மழை. கண்ணால் பார்த்துப் பறக்க 5 கிலோமீட்டர் பார்வைத் தூரம் வேண்டும். அதை எந்த இன்ஜினியரும் ஸ்பேனரால் திருகிக் கொண்டுவர முடியாது. "எல்லாம் பழைய விமானம்" என்பவர்களுக்கு ஒரே பதில்தான். விமானம் பிறந்த வருஷத்தை விட, இன்ஜின் மணிக்கணக்கைத்தான் முக்கியமாகப் பார்க்கிறோம்.

சும்மா கணக்கில் ஏற்றிவிடலாமே என்று ஒருவர் மறைமுகமாகக் கேட்டிருந்தார். அதற்கு இந்தத் தொழிலில் பார்க்கர்-51 என்று பெயர். பறக்காத மணிகளைப் பேனாவால் பறப்பது. 2011-இல் போலி மார்க் ஷீட் கொடுத்து லைசென்ஸ் வாங்கிய விமானிகள் பிடிபட்டபோது நாடே வாய் பிளந்தது நினைவிருக்கலாம். உங்கள் மகன் நாளை 180 பேரை உட்காரவைத்து ஓட்டப் போகிறவன் இல்லையா?

"நீ அங்க சம்பளம் வாங்குற, அப்படித்தான் பேசுவ." இது மட்டும் கொஞ்சம் குத்துகிறது, ஏனென்றால் பாதி உண்மை. சரி, மறுபாதியையும் சொல்லிவிடுகிறேன்.

எட்டு விமானம் உள்ள ஒரு பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் மேலே சொன்னதற்கெல்லாம் இரண்டு எப்போதும் ஹேங்கரில் இருக்கும். மீதி ஆறு, ஒவ்வொன்றும் ஐந்து மணி, ஆக ஒரு நாளைக்கு 30 மணி. லைசென்ஸுக்கு ஒரு மாணவருக்கு 200 மணி வேண்டும். அதில் 100 மணி பைலட்-இன்-கமாண்டாக, அதாவது விமானத்துக்குத் தானே பொறுப்பாக, இரவில் 5 மணி, கூடவே 300 நாட்டிகல் மைல் தூரம் ஊர்விட்டு ஊர் பறக்கும் ஒரு கிராஸ் கன்ட்ரி. 40 பேரைச் சேர்த்தால் 8,000 மணி, நல்ல வானிலையாக 267 நாளில் முடியும். 120 பேரைச் சேர்த்தால் 24,000 மணி. 800 நாள்! மழையையும் பனியையும் கூட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு தெரியாமலா அட்மிஷன் போடுகிறார்கள்? போடுகிறவர் ஏ.சி. அறையில் இருக்கிறார், படம் எடுக்க வாட்டமாக விமானம் நிறுத்தும் டார்மாக்கில் நிற்பதில்லை. நிற்பவர்கள் நாங்கள். இன்னொருவர் ஏ.எஃப்.ஐ. எனப்படும் உதவிப் பயிற்றுநர், பெரும்பாலும் உங்கள் பையனை விட இரண்டு மூன்று வயது மூத்தவர், ஏர்லைன் அழைப்பு வந்தவுடன் போய்விடுவார். போனதும் அவரிடம் பயின்றவர்கள் புது ஆளிடம் மறுபடி சர்க்யூட்டிலிருந்து, அதாவது ரன்வேயைச் சுற்றிவந்து இறங்கும் ஆரம்பப் பயிற்சியிலிருந்து தொடங்குவார்கள். அந்தத் தாமதத்துக்கும் மெக்கானிக்தான் காரணம் என்று எழுதுங்கள், பழகிவிட்டது.

விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. இப்போது பள்ளிகளுக்குத் தரவரிசை போடுகிறது, பாருங்கள். அதோடு நிற்காதீர்கள். பணம் கட்டும் முன் நாலு கேள்வி கேளுங்கள். இன்றைக்குப் பறக்கும் நிலையில் எத்தனை விமானம்? இப்போது எத்தனை மாணவர் பாதியில் இருக்கிறார்கள்? போன மாதம் மொத்தமாக எத்தனை மணி பறந்தது? விமானம் பறக்கலாம் என்று ரிலீஸ் கையெழுத்துப் போடும் உரிமம் உள்ள இன்ஜினியர் எத்தனை பேர்? வாய்ப்பேச்சு வேண்டாம், பள்ளியின் லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். தர மாட்டோம் என்றால் முன்பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்புங்கள்.