செயற்கைக்கோளுக்குக் கருப்பு பெயின்ட் அடித்தால் போதாதா?

செயற்கைக்கோள்களின் பிரகாசத்தைக் குறைப்பதுதான் ஒருவருடைய முனைவர் பட்ட ஆய்வு என்று சொன்னால், "கருப்பு பெயின்ட் அடித்தால் முடிந்தது, இதற்கு எதற்கு நாலு வருஷம்?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். கேட்பவர்கள் மேல் கோபமில்லை, ஆனால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

கருப்பு அடித்துப் பார்த்தாகிவிட்டது. 2019 மே மாதம் முதல் தொகுதியாகப் போன, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் இணையச் சேவைக்கான 60 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களும் வெறும் கண்ணுக்கே ரயில்பெட்டி மாதிரி வரிசையாகத் தெரிந்தன. தொலைநோக்கிப் படங்களில் கோடு விழுகிறது என்று வானியலாளர்கள் குரல் எழுப்பியதும் 2020 ஜனவரியில் ஒன்றுக்கு மட்டும் கரும்பூச்சு போட்டு அனுப்பினார்கள். பிரகாசம் ஏறக்குறைய பாதியானது. ஆனால் கருப்பு வெயிலை உறிஞ்சிச் சூடாகும், சூடான பொருள் அகச்சிவப்பில் கூடுதலாக ஒளிரும், அதாவது தொல்லை ஒரு தொலைநோக்கியை விட்டு இன்னொன்றுக்குப் போகிறது, அவ்வளவுதான். அடுத்து வெயில் மறைப்பு வைத்தார்கள், அது செயற்கைக்கோள்கள் தமக்குள் பேசும் லேசருக்குக் குறுக்கே நின்றது. இப்போது கண்ணாடி போன்ற படலம் ஒட்டி, ஒளியைப் பூமிப் பக்கம் சிதறவிடாமல் வேறு திசைக்குத் திருப்புகிறார்கள்.

எந்தக் கோணத்தில் வெயில் பட்டால் எந்தக் கோணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை ஒவ்வொரு பொருளுக்கும் ஆய்வகத்தில் உட்கார்ந்து அளக்க வேண்டும். அந்த உயரத்தில் தனித்தனி அணுவாகத் திரியும் ஆக்சிஜனும் புற ஊதாக் கதிரும் பட்டுப் பட்டு அந்தப் பூச்சு என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டும். நாலு வருஷம் அங்கேதான் போகிறது. பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய குழு, வேன்டாபிளாக் 310 என்ற மிகக் கரிய பூச்சைச் சிறிய செயற்கைக்கோள் ஒன்றில் சோதிக்கப் போவதாக 2025-ல் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

வானியலாளர்கள் கேட்பது பொலிவெண் 7 (பிரகாசத்தை அளக்கும் எண்). எண் கூடக்கூட மங்கல், வெறும் கண்ணின் எல்லை சுமார் 6. 2022-ல் ஏவப்பட்ட புளூவாக்கர் 3 என்ற செல்பேசித் தொடர்புச் சோதனைச் செயற்கைக்கோள், 64 சதுர மீட்டர் ஆன்டெனாவை விரித்தபின் சில நேரம் 0.4 வரை போனது. கணக்குப் போட்டால் கேட்ட அளவைவிட 400 மடங்குக்கும் மேல் பிரகாசம்! சிலியிலுள்ள வேரா ரூபின் ஆய்வகத்தின் 3200 மெகாபிக்சல் கேமராவில் இப்படி ஒன்று குறுக்கே போனால் ஒரு கோடோடு நிற்காது, மின்னணுச் சுற்றில் எதிரொலித்துப் பக்கத்தில் பொய்க்கோடுகளும் விழும். கோட்டை அழிக்கலாம், பொய்க்கோடுகளைச் சுத்தமாக அழிப்பது கடினம்.

அதைவிட எனக்குக் கவலை தருவது அந்தி நேரம். சூரியன் பக்கமிருந்து வரும் குறுங்கோள்களை அப்போதுதான் தேட முடியும், செயற்கைக்கோள்கள் பளிச்சென்று தெரிவதும் அப்போதுதான். அமெரிக்காவில் தொலைநோக்கியால் வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கும் ஸ்விக்கி (Zwicky) வான ஆய்வின் அந்திப் படங்களில் கோடு விழுந்தவை 2019 கடைசியில் 0.5 சதவீதம், 2021-ல் 18 சதவீதம்.

இந்த ஆய்வுகள் நிறுவனங்களின் நல்லெண்ணத்தை நம்பி நிற்பதுதான் என் வருத்தம். செயற்கைக்கோளை எந்தப் பொருளால் செய்தார்கள், அது எப்படி ஒளியைத் திருப்பும் என்ற அளவீட்டை அவை ஏவுவதற்கு முன்பே வெளியிட வேண்டும், உரிமம் தரும் அரசுகள் அதை நிபந்தனையாகவே வைக்க வேண்டும். ஸ்டார்லிங்க் ஒன்றின் ஆயுள் சுமார் 5 வருஷம். ஓர் ஆய்வேடு முடியும் காலமும் கிட்டத்தட்ட அதே. இன்று அளக்கத் தொடங்கும் மாணவரின் முடிவு, இப்போது மேலே இருப்பவை எரிந்து விழுந்து அடுத்த தலைமுறை ஏறும் நேரத்துக்குச் சரியாகக் கைக்கு வரும்.