பி0171 என்றாலே ஆக்சிஜன் சென்சார் பழுது என்று பொருளல்ல

செக் எஞ்சின் விளக்கு எரிந்து பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0171 என்ற குறியீடு வந்தால், புகையில் மீந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினால் போதும் என்று ஒருவர் எழுதியிருப்பது பலரை வீண் செலவில் இழுத்துவிடும். எஞ்சினுக்குள் போகும் காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோலின் அளவு குறைந்திருக்கிறது என்பதே அந்தக் குறியீட்டின் பொருள். அதைக் கண்டு சொல்வதுதான் சென்சாரின் வேலை. எய்தவன் இருக்க அம்பை நோவதேன்? எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் பகுதியில் எங்காவது வெடித்த ரப்பர் குழாய், அழுக்கடைந்த காற்றளவு சென்சார், வலுவிழந்த பெட்ரோல் பம்ப் ஆகிய மூன்றும் இதே குறியீட்டைத் தரக்கூடியவை.

ஸ்கேனரிலேயே ஃபியூயல் டிரிம் என்ற அளவைப் பாருங்கள்; கலவையைச் சரிசெய்ய எஞ்சின் கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை அது காட்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் வண்டி ஐடிலில் நிற்கும்போது 20 சதவீதத்துக்கும் மேல் காட்டி, 2,500 ஆர்.பி.எம்.முக்கு உயர்த்தியதும் இயல்புக்கு இறங்கினால், பெரும்பாலும் காற்றுக்கசிவுதான் காரணம். வேகம் கூடக்கூட அளவும் ஏறினால் பம்ப்பையும் காற்றளவு சென்சாரையும் சந்தேகிக்கலாம். பழைய வகை ஆக்சிஜன் சென்சார் நன்றாக இருந்தால், எஞ்சின் சூடான பின் அதன் மின்னழுத்தம் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஓயாமல் ஏறி இறங்கும். ஒரே இடத்தில் உறைந்து நின்று, கலவையைச் செயற்கையாக மாற்றிப் பார்த்தும் அது அசையாவிட்டால் மட்டுமே அதைக் குறைசொல்லலாம்.

ஆக்சிஜன் சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரின் மின்சுற்றில் பழுது என்பதைக் குறிப்பது பி0135 என்ற குறியீடு. அதிலும் ஃபியூஸையும் வயரிங்கையும் பார்த்த பிறகே புதிய சென்சார் வாங்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி விளக்கை அணைப்பது பழுதுபார்ப்பே அல்ல; பதிவான தகவல்கள் அழிந்துபோய், அடுத்துப் பார்க்கும் மெக்கானிக்குக்குத் துப்புக் கிடைக்காமல் போகும்.