பல்பை மாற்ற முடியுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்

வீட்டுக்குப் பிரம்பு விளக்கு, மூங்கில் விளக்கு வாங்குகிறவர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். மகிழ்ச்சிதான். ஆனால் பறவைக்கூடு மாதிரி இருக்கிறதா, இலை வடிவம் வருகிறதா, 'எக்கோ ஃப்ரெண்ட்லி' என்று போட்டிருக்கிறதா என்பதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் பல்பை நாமே மாற்ற முடியுமா என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

அழகு விளக்குகள் பலவற்றில் எல்இடியை உள்ளேயே பதித்து மூடிவிடுகிறார்கள். எல்இடி விளக்கில் பெரும்பாலும் முதலில் போவது ஒளி தரும் சில்லு இல்லை, அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர். அதிலுள்ள கெப்பாசிட்டர் என்ற சிறு பாகம் சூட்டிலேயே கிடந்து காய்ந்துபோகிறது. அதைக் கழற்ற வழியில்லை என்றால், பார்த்துப் பார்த்துப் பின்னிய பிரம்பும் சேர்ந்துதான் குப்பைக்குப் போகும். இதில் இயற்கைக்கு என்ன லாபம்?

சாதாரண ஹோல்டர் இருந்தால் தெருமுனைக் கடையில் ஒரு பல்பு வாங்கி மாட்டிவிடலாம். 2014-இல் அரசுக் கொள்முதலில் 310 ரூபாயாக இருந்த எல்இடி பல்பு, மலிவு விலையில் எல்இடி பல்பு தரும் மத்திய அரசின் உஜாலா திட்டத்துக்காக மொத்தமாக வாங்கியதில் 2016-க்குள் 38 ரூபாய்க்கு இறங்கியது. கடை விலை அதைவிடக் கூடுதல்தான், ஆனாலும் கைக்கு எட்டும் விலை. ஜப்பானின் கிஃபு நகரில் 1951-இலிருந்து செய்யப்படும் சிற்பி இசாமு நொகுச்சி வடிவமைத்த 'அகாரி' விளக்குகளில் மூங்கிலும் காகிதமும் சேர்ந்த கூட்டைக்கூடத் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். எழுபது வருடங்களுக்கு மேலாக அது விலைபோகிறது.

அப்புறம் விலை. சிதம்பரம் - சீர்காழி சாலையில் தைக்காலில் பிரம்புப் பொருள்கள் தொங்கும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். ஆன்லைனில் கேட்ட விலையை அப்படியே கொடுக்கிறவர்கள், அங்கே பின்னியவரின் முகத்துக்கு நேராக "பாதி விலைக்குத் தர்றீங்களா?" என்கிறார்கள். எனக்கு இது மனசுக்கு ஒப்பவே இல்லை. ஓர் இழை விட்டுப்போனால் திரும்பக் கட்டித்தர அவரால் முடியும். ஆன்லைனில் வருவது சில சமயம் பிரம்பே இல்லை, பிளாஸ்டிக் இழை. வெட்டிய முனையைப் பாருங்கள், நிஜப் பிரம்பில் நுண்ணிய துளைகள் தெரியும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பிரம்புக் கூட்டுக்குள் 6500 கெல்வின் வெள்ளை பல்பைப் போட்டுவிட்டு, "வெளிறிப்போய்த் தெரியுது" என்று குறைசொல்லாதீர்கள். பல்பு அட்டையில் பார்த்து, மஞ்சள் ஒளி தரும் 2700 அல்லது 3000 கெல்வின் வாங்குங்கள். கூடு வெளிச்சத்தைக் கொஞ்சம் மறைக்கும், அதனால் பிள்ளைகள் படிக்கும் மேசைக்கு வேறு விளக்குதான் வேண்டும்.

உங்கள் ஊரில் ஹோல்டர் வைத்துப் பிரம்பிலோ மூங்கிலிலோ பின்னித் தருகிறவர்கள் இருந்தால், எந்தக் கடைத்தெரு என்று எழுதுங்கள். பலர் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.