‘புதுமைப் பெண் வாங்கினால் மற்ற ஸ்காலர்ஷிப் போய்விடும்’ என்பது தவறு

கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: “புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கினால் வேறு எந்த உதவித்தொகையும் கிடைக்காது, ஒன்றைத்தான் தேர்வு செய்ய வேண்டும்.”

இது தவறு. புதுமைப் பெண் என்பது அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் மாணவிகளுக்குத் தமிழ்நாடு அரசு மாதந்தோறும் தரும் உதவித்தொகை. வேறு கல்வி உதவித்தொகை பெறும் மாணவியும் இந்தத் தொகையைக் கூடுதலாகப் பெறலாம் என்பது திட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. 2022 செப்டம்பர் 5 அன்று திட்டம் தொடங்கியபோதே அறிவிக்கப்பட்டதும் இதுதான். ஒரே வீட்டில் அக்கா, தங்கை இருவரும் படித்தால் இருவருக்கும் உண்டு.

குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும்? மத்திய அரசின் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு உதவித்தொகை பெற முடியாது. அந்த விதியை யாரோ இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கலாம்.

வகுப்புப் பிரதிநிதிகளும் பேரவை மாணவர்களும் நல்லெண்ணத்தில்தான் இதைப் பகிர்கிறார்கள். ஆனால் இதை நம்பி விண்ணப்பிக்காமல் விடுபவள், வீட்டிலேயே முதல் பட்டதாரியாகப் போகிறவளாக இருக்கலாம். மூன்றாண்டுப் படிப்பில் அவள் இழப்பது 36,000 ரூபாய் வரை.

ஜூனியர்களிடம் உண்மையில் கேட்க வேண்டியவை வேறு. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியா? (அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் பின்னர் சேர்க்கப்பட்டார்கள்.) தொலைதூரக் கல்வி இல்லையே? வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா? விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான், கட்டணம் கிடையாது. தம்பிகளுக்கு 2024 ஆகஸ்ட் முதல் இதே போன்ற ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் இருக்கிறது.