நூறு நாள் வேலை: மனித நாள் கணக்கில் விழாமல் போவது

நூறு நாள் வேலைத் திட்டம் பற்றி விவாதம் வந்தால் ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஒரே எண்ணைத்தான் எடுத்துப் போடுகிறார்கள்: இத்தனை கோடி மனித நாட்கள் (ஒருவர் ஒரு நாள் செய்த வேலை ஒரு மனித நாள்). அந்த எண் வருகைப் பதிவேட்டின் கூட்டுத்தொகை, அவ்வளவுதான். எவ்வளவு வேலை உருவானது என்ற கேள்விக்கு அது பாதி பதில்கூட ஆகாது.

கொரோனா ஆண்டான 2020-21ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நாடு முழுக்க சுமார் 389 கோடி மனித நாட்கள், வேலை பெற்றவை ஏறத்தாழ 7.55 கோடி குடும்பங்கள். வகுத்துப் பார்த்தால் குடும்பத்துக்கு 51, 52 நாள். தென்னாப்பிரிக்காவின் பொதுப்பணித் திட்டத்தில் 230 மனித நாட்களை ஒரு முழு ஆண்டு வேலையாகக் கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் இதே 389 கோடி, சுமார் 1.69 கோடி பேரின் முழு ஆண்டு வேலைக்குச் சமம். எல்லாம் ஒரே பதிவேட்டிலிருந்து வருபவைதான். எந்த அலகில் சொல்கிறோம் என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் எண்ணுக்குப் பொருளே இல்லை. அமெரிக்காவிலும் 2009 ஊக்கநிதித் திட்டத்தில் ‘உருவாக்கிய அல்லது காப்பாற்றிய வேலை’ எத்தனை என்று கேட்டுக் குழப்பம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே விதியை மாற்றி, அந்தக் காலாண்டில் திட்டப் பணத்தில் சம்பளம் தரப்பட்ட மணி நேரத்தை முழுநேர வேலையாக மாற்றி எழுதச் சொன்னார்கள்.

நம் ஊர்க் கணக்கில் இன்னொரு சிக்கல், திட்டத்தின் 2005 சட்டம் தரும் 100 நாள் என்பது ஆளுக்கல்ல, குடும்பத்துக்கு. கணவனும் மனைவியும் ஒன்றாகப் போனால் 50 நாளிலேயே குடும்ப வேலை அட்டையின் நாட்கள் முடிந்துவிடும்.

இனி வேலைத்தளத்துக்கு வருவோம். ஒரு ஊரணி தூர்வாருகிறார்கள். 20 பேர், 6 நாள். பதிவேட்டில் 120 மனித நாள். ஓவர்சீயர் வந்து அளந்து எம்-புக்கில் (அளவீட்டுப் புத்தகத்தில்) எழுதுகிறார். கூலி அந்த அளவுப்படிதான். எதிர்பார்த்த மண்ணில் முக்கால் பங்குதான் வெட்டியிருக்கிறார்கள் என்றால், தமிழ்நாட்டின் 2025-26 கூலியான 336 ரூபாய் 252 ஆகிவிடும். மனித நாள் மட்டும் அதே 120. ஆகவே மனித நாளை மட்டும் பார்க்காமல், மொத்தக் கூலிச் செலவை அதனால் வகுத்துப் பாருங்கள். வரும் சராசரி, அறிவித்த கூலியைவிடத் தொடர்ந்து குறைவாக இருந்தால் காரணத்தைத் தேடவேண்டும்: அளவீடு குறைத்து எழுதப்பட்டதா, வராதவர் பெயர் ஏறி மற்றவர் கூலியைக் குறைத்ததா, கடினமான மண்ணுக்கு இளகிய மண்ணின் விகிதம் போட்டார்களா?

ஆழத்தைச் சரிபார்க்க, குழியின் நடுவே வெட்டாமல் விட்ட மண் திட்டைப் பாருங்கள். அதன் தலையில் பழைய புல்லும் வேரும் இருக்கவேண்டும். புதுமண் குவிந்திருந்தால், ஆழத்தைக் கூட்டிக் காட்ட மேலே மண் போட்டிருக்க வாய்ப்புண்டு. கரையில் வாளிப்பல் இழுத்த கோடுகள் வரிசையாகத் தெரிந்தால் ஜேசிபி இறங்கியிருக்கிறது. இத்திட்டத்தில் ஒப்பந்ததாரருக்கும் ஆட்களின் வேலையைப் பறிக்கும் இயந்திரத்துக்கும் இடமில்லை. அந்த ஊரணியின் மனித நாட்கள் காகிதத்தில் மட்டுமே பிறந்தவை. வேலைத்தளத்தில் இருப்பவர்களைச் செயலியில் படமெடுத்தால் இது நின்றுவிடும் என்றார்கள். 2023 ஜனவரி முதல் தினமும் இருவேளைப் படம் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே, வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களும் படத்தைப் படமெடுத்த படங்களும் ஏறுவதாக மாநிலங்களுக்கு எழுதியது. நெட்வொர்க் இல்லாத ஊரிலோ, உண்மையாக வேலை செய்தவரின் நாளே விடுபட்டுப் போகிறது.

கூலி வந்து சேராவிட்டாலும் மனித நாள் கணக்கில் ஏறிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு ரூ.4,034 கோடி பாக்கி என்று மாநில அரசு சொன்னபோதும், வேலை செய்த நாட்கள் ‘உருவான வேலை’யாகத்தான் பதிவாகியிருந்தன.

நடவு, அறுப்புக் காலத்தில் தரும் நாளும் சித்திரை, வைகாசியில் தரும் நாளும் ஒன்றல்ல. முன்னது வயல் கூலியின் இடத்தில் வருகிறது. பின்னது வேறு வருமானமே இல்லாத நாளில் வருகிறது. மாதவாரியாகப் பிரிக்காத கணக்கில் இந்த வேறுபாடு தெரியாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, கேட்டும் கிடைக்காதவர் கணக்கு. 2005 சட்டப்படி வேலை கேட்ட 15 நாளுக்குள் தரவேண்டும். தராவிட்டால் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, பிறகு அரைப் பங்கு வேலையில்லாப் படியாகத் தரவேண்டும். அதை மாநிலம்தான் தரவேண்டும். அதனால் வேலை தயாரான பிறகே கோரிக்கையைக் கணினியில் ஏற்றும் வழக்கம் வேரூன்றிவிட்டது. கேட்டவர் எண்ணிக்கையும் பெற்றவர் எண்ணிக்கையும் அறிக்கையில் ஒட்டி ஒட்டி வருவதற்கு இது முக்கியக் காரணம். 2005 சட்டத்துக்கு மாற்றாக 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம் 100ஐ 125 ஆக்கியிருக்கிறது. கூடவே பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 சதவீதம் போடவேண்டும் என்கிறது. கோரிக்கையைப் பதியாமல் விட மாநிலங்களுக்கு இனி இன்னும் வலுவான காரணம் உண்டு.

வேலை கேட்கும் ஒவ்வொருவரும் மனுவை எழுத்தில் கொடுத்து, தேதி போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ஊராட்சியில் மறுத்தால் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் கொடுங்கள். திட்டக் கணக்கை ஊர்மக்களே சரிபார்க்கும் சமூகத் தணிக்கைக் கிராமசபையில் அந்த ரசீதுகளை எண்ணி, கணினியில் ஏறிய கோரிக்கைகளோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தீர்மானத்தில் எழுத வையுங்கள்.